சும்மா வந்தவள்

கடவுளுக்கு வரும் கடிதங்களை முதலில் படிப்பவர் கத்தரியார்தான். அதற்கப்புறம் கடவுள் படிக்கிறாரா இல்லையா என்பது அவருடைய இலாகா இல்லை.

பிரார்த்தனை மண்டபத்தின் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே, ஒரு மேசையும் ஒரு கணினியும் தலையாட்டிக்கொண்டே இருக்கும் ஒரு மின்விசிறியும் அடைந்து கிடக்கும் அறை அவருடையது. மண்டபம் மாதாமாதம் பதினாறு பக்கத்தில் ஒரு பத்திரிகை போடுகிறது. அதில் ஒன்பதாம் பக்கத்துக்கு 'கேட்டோம், பெற்றோம்' என்று தலைப்பு. பிரார்த்தனை பலித்தவர்கள் நன்றி சொல்லி எழுதும் பக்கம். வருகிற கடிதங்களை வெட்டி ஒட்டி அளவுக்குக் கொண்டுவருவதால் அவருக்குக் கத்தரியார் என்று பெயர் விழுந்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை. பன்னிரண்டு வருஷத்தில் அவருக்கு மனித குலத்தின் மேல் இருந்த மரியாதை சுத்தமாகத் தேய்ந்து போயிருந்தது. 'என் மருமகள் தனிக்குடித்தனம் போய்விட்டாள், நன்றி' என்று ஒரு மாமியார் எழுதுவாள். அதே மாதம், அதே வீட்டிலிருந்து, 'தனிக்குடித்தனம் அமைந்தது, நன்றி' என்று மருமகள் எழுதுவாள். பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது என்று ஒருவர் உருகி உருகி நன்றி சொல்லியிருந்தார். நாய் செத்துப் போயிருந்தது என்பது மூன்றாவது வரியில் தெரிந்தது. கத்தரியார் மூன்றாவது வரியை எடுத்துவிட்டார். மேலதிகாரிக்கு மாற்றல் வந்ததற்கு நன்றி, எதிர்க் கடை மூடியதற்கு நன்றி, எடை குறைந்ததற்கு நன்றி. இதையெல்லாம் படித்துவிட்டு மின்விசிறியைப் பார்த்து, "பக்தியாம், அன்பாம். அன்பாவது மண்ணாவது" என்று முணுமுணுப்பார். கேட்டது கிடைக்காதவன் ஒருத்தன் இன்றுவரை ஒரு வரி எழுதியதில்லை என்பதுதான் அவர் கையிலிருந்த சாட்சி.

எழுதினாலும் போட முடியாது. அந்தப் பக்கத்துக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. முதல் பத்தியில் கேட்டது. இரண்டாவது பத்தியில் காத்திருந்தது. மூன்றாவதில் பெற்றது. யாருமே காத்திருப்பதைப் பற்றி ஒழுங்காக எழுதுவதில்லை. அதனால் இரண்டாவது பத்தியைக் கத்தரியாரே எழுதி வைத்திருந்தார். கணினியில் நாலைந்து தயாராக இருந்தன. கண்ணீர் கலந்தது ஒன்று, கலக்காதது ஒன்று, குழந்தை வேண்டுவோருக்குத் தனியாக ஒன்று. கடிதம் மெலிந்து இருந்தால் மூன்றாவது பத்திக்கும் கொஞ்சம் சதை வைப்பார். பெயர் போடுவதில்லை, 'ஒரு சகோதரர்', 'ஒரு சகோதரி' என்றுதான் போடுவார்கள் என்பதால் யாரும் சண்டைக்கு வந்ததில்லை. தன் பெயர் போடாத பக்கத்தை எவன் படிப்பான் என்பது கத்தரியாரின் கணக்கு.

அவர் மட்டும் என்ன, கடவுளோடு பேசாமல் பிறந்தவரா? பத்து வருஷத்துக்கு முன்னால் அவருடைய அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பதினேழு நாள், வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேண்டினார். வாழ்க்கையில் அதற்கு முன் எதையும் கேட்டதில்லை. பதினேழாம் நாள் மத்தியானம் அண்ணன் போய்விட்டார். கத்தரியார் அன்றைக்கே பேச்சை நிறுத்தினார். கோபமாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பாகப்பிரிவினை ஆன சொந்தக்காரரைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அந்த மாதிரி. மண்டபத்தில் எல்லாரும் கண்ணை மூடும்போது அவர் மட்டும் கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஐம்பத்தெட்டு வயதில், வேறு வேலை கிடைக்காது என்பதால், பேச்சுவார்த்தை இல்லாத முதலாளியிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் போனபிறகு அந்த வீட்டில் அவரும் அண்ணியும்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத அவருக்கு முன்னறை. அண்ணிக்குச் சமையலறையும் அதை ஒட்டிய அறையும். நடுவில் ஒரு நடை. அண்ணி பல் செட் செய்யும் பட்டறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். மாவுக்கட்டு அச்சின் மேல் ரோஸ் நிற மெழுகை வைத்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடி சரியாக விழுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அந்த வட்டாரத்துப் பெரிய மனிதர்களில் பாதிப்பேர் அண்ணி நட்ட பல்லால்தான் மெல்லுகிறார்கள். மண்டபத் தலைவரின் மேல்வரிசையும் அவள் கைவேலைதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், பிறகு கையை விரித்தார்கள். பல் நடுகிற கை நடுங்கினால் பட்டறையில் என்ன வேலை? அண்ணி வீட்டோடு ஆனாள்.

அதிலிருந்துதான் அவள் கடவுளோடு பேசுவது சத்தமாக வெளியில் கேட்க ஆரம்பித்தது. மந்திரம், பாட்டு எதுவும் கிடையாது. நேரடிப் பேச்சு. சமையலறையில் பருப்பு டப்பா கவிழும். "பாத்தியா? நீ பாத்துக்கிட்டுதானே இருந்தே? புடிச்சிருக்க வேண்டியதுதானே?" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி சரி, மூடியை இறுக்காம விட்டது என் தப்புதான். அதுக்கு ஏன் அப்படிச் சிரிக்கிறே?" என்பாள். முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் கத்தரியாருக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு வருஷமாகக் கதவைத் தட்டுகிறாள், உள்ளே இருந்து ஒரு குரல் இல்லை, ஆனாலும் வாசலிலேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறாள். கொஞ்சமாவது ரோஷம் வேண்டாமா மனுஷிக்கு?

அந்த மாதம் ஒன்பதாம் பக்கத்துக்கு ஒரு கடிதம் குறைந்தது. அச்சகக்காரர் காலையிலிருந்து இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். "சார், உங்க ஒரு பக்கத்துக்காக மிஷினை நிறுத்தி வச்சிருக்கேன். கடவுளே வந்தாலும் பன்னிரண்டு மணிக்கு மேல நிக்காது" என்றார். பதினொன்றரைக்குத் தபால் வந்தது. ஒரே ஒரு உறை. அதன் மேலிருந்த எழுத்தைப் பார்த்ததும் கத்தரியார் தலையில் அடித்துக்கொண்டார். தரையில் கொட்டிய கடுகு மாதிரி எழுத்து. அண்ணி.

அடுத்த அறையில் இருப்பவனுக்கு ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் போட்டிருக்கிறாள். வீட்டில் கொடுத்தால் சிபாரிசு ஆகிவிடுமாம். கடிதத்தின் மேல் ஓரத்திலேயே அதை எழுதியிருந்தாள்.

'மதிப்புக்குரிய ஆசிரியருக்கு. நாலு வருஷமாக என் வலது கை நடுங்குகிறது. சரியாக வேண்டும் என்று கேட்டேன். சரியாகவில்லை. இனிமேல் ஆகும் என்றும் தோன்றவில்லை. கையைப் பற்றிக் கேட்பதை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. ஆனால் பேசுவதை விடவில்லை. முன்பெல்லாம் வேலை, வீடு என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு அவரிடம் ரெண்டு வார்த்தை பேசினால் அதிகம். இப்போது காலையிலிருந்து பேசுகிறோம். பாதி நாள் சண்டைதான். இருந்தாலும் அவரோடு இருப்பது நன்றாக இருக்கிறது. இதைச் சொல்லப் பத்திரிகையில் வேறு பக்கம் இல்லாததால் இந்தப் பக்கத்துக்கு எழுதுகிறேன். இப்படிக்கு, பல் செட் பட்டறையில் வேலை பார்த்த ஒரு சகோதரி.'

கத்தரியார் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. பெற்றது எங்கே? பந்தியில் இலை போட்டுவிட்டுச் சாப்பாடு போடாமல் போனது போல இருந்தது அவருக்கு. நன்றாக இருக்கிறதாம். என்ன நன்றாக இருக்கிறது? கை போயிற்று, வேலை போயிற்று, புருஷன் எப்போதோ போயாயிற்று. 'அவரோடு இருப்பது நன்றாக இருக்கிறது' என்பதை ஒன்பதாம் பக்கத்தில் போட்டால் படிக்கிறவன் சிரிக்க மாட்டானா? கிடைக்காத திராட்சையை இனிக்கிறது என்று சொல்கிற ஒரே ஆள் உலகத்தில் தன் அண்ணிதான் என்று நினைத்துக்கொண்டார்.

மணி பதினொன்று நாற்பது. கணினியைத் திறந்தார். முதல் இரண்டு வரியை வைத்துக்கொண்டார். கண்ணீர் கலந்த இரண்டாவது பத்தியை எடுத்து ஒட்டினார். மூன்றாவது பத்தியை அவரே எழுதினார்: 'ஒரு நாள் காலை விழித்தபோது என் கை அசையாமல் இருந்தது. நிரம்பிய தண்ணீர்க் கோப்பையை ஒரு சொட்டுச் சிந்தாமல் எடுத்துக் குடித்தேன். கேட்டவருக்குக் கொடுப்பவர் அவரே.' எழுதி முடித்தபின் அந்த வரியை ஒரு தடவை படித்துப் பார்த்தார். பேப்பரிலாவது அவள் கை நிற்கட்டுமே என்று ஒரு எண்ணம் வந்தது உண்மை. அதை அவர் யாரிடமும் ஒத்துக்கொள்ள மாட்டார். அவசரத்தில் கையெழுத்து வரியை மட்டும் வெட்ட மறந்துவிட்டார். வெட்டுவதையே தொழிலாக வைத்திருந்தவர், வெட்ட வேண்டிய ஒரே வரியை விட்டுவிட்டார். பல் செட் பட்டறையில் வேலை பார்த்த சகோதரி அந்த மண்டபத்துக்கே ஒருத்திதான்.

வாரக் கூட்டம் காலை பத்து மணிக்கு. அண்ணிக்கு இரண்டாவது வரிசையில், தூணை ஒட்டிய நாற்காலி. முப்பது வருஷமாக அதே இடம். அன்று அவள் உட்காருவதற்கு முன்பே நாலு பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவள் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கத்தரியார் கடைசி வரிசைக்குப் பின்னால் பத்திரிகைக் கட்டுகளோடு நின்றுகொண்டிருந்தார். எவனும் படிப்பதில்லை என்று அவர் பன்னிரண்டு வருஷமாக நினைத்த பக்கத்தைத்தான் எல்லாரும் முதலில் திருப்புகிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுத்தவனுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்காமல் யாருக்குத் தூக்கம் வரும்?

தலைவர் மேடையிலிருந்து கையை நீட்டினார். "அம்மா, இங்க வாங்க. வாங்க வாங்க. இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கு, மூச்சு விடாம இருக்கீங்களே!"

அண்ணி ஒன்றும் புரியாமல் மேடை ஏறினாள். அவள் பத்திரிகையை இன்னும் பார்க்கவில்லை. மேசையில் ஒரு கண்ணாடி டம்ளர் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள்.

"இத வலது கையால எடுத்து எல்லாரும் பாக்கற மாதிரி குடிங்கம்மா."

"எனக்குத் தாகம் இல்லையே," என்றாள் அண்ணி.

மண்டபமே சிரித்தது. கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக் கைதட்டினார்கள். தலைவரே டம்ளரை எடுத்து அவள் வலது கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, தன் கையை எடுத்தார். தண்ணீர் தலைவரின் சட்டையில் பாதியும் அவள் புடவையில் பாதியுமாகத் தெறித்தது. டம்ளர் விழுந்து உடைந்தது. கைதட்டல் ஒரு ஓரமாகக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நின்றது.

யாரோ அவளிடம் பத்திரிகையைக் கொடுத்தார்கள். ஒன்பதாம் பக்கத்தை அவள் நிதானமாகப் படித்தாள். பத்திரிகை அவள் கையில் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. படித்து முடித்து நிமிர்ந்து, நேரே கடைசி வரிசையைப் பார்த்தாள். கத்தரியார் குனிந்து ஒரு கட்டின் சணலை மும்முரமாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

"இது நீங்க எழுதினதுதானா?" என்றார் தலைவர், சட்டையை உதறிக்கொண்டு.

"கடிதாசு எழுதினது நான்தான்."

"அப்போ கை?"

"கை எப்பவும் போலத்தான் இருக்கு."

கூட்டத்தில் சலசலப்பு. நம்பிக்கை குறைந்ததால் வந்தது திரும்பிப் போயிருக்கும் என்று ஒருவர் விளக்கம் சொன்னார். தலைவருக்கு அது பிடித்திருந்தது. "சரி, பரவாயில்ல. இப்பவே எல்லாருமா சேர்ந்து கேட்போம். கண்ண மூடுங்க."

"வேண்டாம்," என்றாள் அண்ணி.

"ஏன்?"

"கைக்காக வர்றவளா இருந்தா வர்றத எப்பவோ நிறுத்தியிருப்பேன். நான் சும்மா வந்தேன்."

"சும்மாவா?" தலைவருக்கு அந்த வார்த்தை செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தியது. "இத்தனை பேரு ஆளுக்கு ஒரு குறையோட வந்து உக்காந்திருக்காங்க. நீங்க மட்டும் சும்மா வந்தீங்களா? அவரு என்ன உங்க வீட்டு ஆளா?"

அண்ணி அவர் வாயைப் பார்த்தாள். "பல்லு மேல ரொம்ப அழுத்திப் பேசாதீங்க, மெல்ல ஆடுது," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அவ்வளவுதான். பொய்யான சாட்சி எழுதி மண்டபத்தை ஏமாற்றியதற்காக மூன்று மாதம் அவள் உள்ளே வரக்கூடாது என்று தலைவர் அங்கேயே அறிவித்தார். 'எழுதியது நான்' என்று சொல்ல ஒருவர் எழுந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் சணலில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து, மறுபடியும் முடிந்து, மறுபடியும் அவிழ்த்துக்கொண்டிருந்தார். மனிதர்களைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயத்துக்கு அன்று அவரே பொருத்தமான ஆளாக இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி புடவையை மாற்றிக்கொண்டு அவர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"பொய் எழுதிட்டியேன்னு நான் கேக்க வரல தம்பி. பொய் எழுதறது உன் வேலை. ஆனா நான் ஏதோ கைக்காகத்தான் அவரோட பழகினேன்னு எழுதிட்டே பாரு. நாலு வருஷம் நாங்க இருந்தத ஒரு பண்டமாத்தா ஆக்கிட்டே. உங்கண்ணனோட நான் இருந்தத அப்படி எழுதியிருந்தா உனக்கு எப்படி இருக்கும்?"

"அண்ணி, நான் என்ன சொல்றேன்னா..."

"ஒண்ணும் சொல்லாதே." அதோடு அவள் அவரிடம் பேசுவதை நிறுத்தினாள்.

முதல் இரண்டு நாள் கத்தரியாருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. துணி துவைத்து மடித்து வந்தது. கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் வந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. அடுத்த கூட்டத்து நாளன்று காலையில், அண்ணி பழக்கதோஷத்தில் குளித்து, வெளுத்த புடவை கட்டி, செருப்பு மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். பத்து மணி அடித்தது. அவள் செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அன்றைக்குக் கத்தரியாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வீட்டில் பேச்சு நின்றால் ஒரு முறை உண்டு. அண்ணன் இருந்த காலத்தில் புருஷன் பெண்சாதிக்குள் சண்டை வந்தால் இரண்டு பேரும் கத்தரியாரை நடுவில் வைத்துத்தான் பேசுவார்கள். "உங்கண்ணன்கிட்ட சொல்லு, சோறு போட்டாச்சுன்னு." "உங்க அண்ணிகிட்ட சொல்லு, எனக்குப் பசிக்கலன்னு." இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். இப்போது நடுவில் வைக்க ஆள் இல்லை. அண்ணிக்கு இருந்த ஒரே மூன்றாம் ஆள் கடவுள்தான்.

"அவன்கிட்ட சொல்லு, வெந்நீர் வச்சிருக்கேன்னு," என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். "அவன்கிட்ட சொல்லு, சட்டையில பொத்தான் போயிருக்கு, இந்தக் கையால என்னால தைக்க முடியாதுன்னு." கத்தரியார் எதிரிலேயே நிற்பார். பதில் சொல்ல வேண்டுமானால் அதே வழியில்தான் சொல்ல வேண்டும். அந்த ஆளோடுதான் அவருக்குப் பத்து வருஷமாகப் பேச்சு இல்லையே! வாயைத் திறந்து திறந்து மூடிக்கொள்வார். அவர் நகர்ந்த பிறகு சமையலறையில் மறுபடியும் சளசளவென்று பேச்சு ஆரம்பிக்கும். இடையில் ஒரு சிரிப்பும் கேட்கும். தன்னைப் பற்றித்தான் சொல்லிச் சிரிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். பருப்பு டப்பா கவிழும்போதெல்லாம் எரிச்சல் மூட்டிய அந்தச் சத்தத்தில் தனக்கு ஒரு வாய் கிடைக்காதா என்று ஏங்குகிற நிலைமை வந்துவிட்டது. சாப்பாட்டுக்கும் வெந்நீருக்கும்தான் இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்தோம் என்று அவர் நினைத்திருந்தார். அதெல்லாம் குறைவில்லாமல் வந்து கொண்டிருக்கும்போதே வீடு காலியாக இருந்தது.

இருபதாம் நாள் தலைவரிடம் போய் உண்மையைச் சொன்னார். தலைவர் கதவைச் சாத்தினார்.

"இத இன்னும் யாருகிட்ட சொன்னீங்க?"

"யாருகிட்டயும் இல்ல."

"சொல்லாதீங்க. பன்னிரண்டு வருஷத்துக் கடிதத்தையும் சந்தேகப்படுவாங்க. அந்தம்மாவுக்கு என்ன, மூணு மாசம்தானே? அவங்கதான் சும்மா வர்றவங்களாச்சே. சும்மா வீட்டுலயே உக்காந்துக்கட்டும்." தன் பேச்சைத் தானே ரசித்து அண்ணி நட்ட பல்லால் சிரித்தார்.

கத்தரியார் பல பேரைக் கேவலமாக நினைத்திருக்கிறார். ஆனால் ஒருவரைப் பார்க்கும்போதே தன் முகம் கண்ணாடியில் தெரிவது போல இருந்தது அன்றைக்குத்தான். மாடிக்குப் போனார். அடுத்த இதழின் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து, இருந்த கடிதங்களையெல்லாம் நீக்கிவிட்டு, அண்ணியின் கடிதத்தை ஒரு எழுத்து வெட்டாமல் அடித்தார். கீழே, 'சென்ற இதழில் இந்தச் சகோதரி பெயரில் வந்தது நான் எழுதிய பொய். அவர் எழுதியது இதுதான்' என்று சேர்த்து, வரைமுறைக்கு விரோதமாகத் தன் சொந்தப் பெயரையும் போட்டார். யாரிடமும் காட்டாமல் அச்சகத்துக்கு அனுப்பினார். பக்கம் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. "சார், மீதி எங்க?" என்று அச்சகக்காரர் போன் பண்ணினார். அவ்வளவுதான் என்றார் கத்தரியார்.

இதழ் வந்த அன்று காலை பதினொரு மணிக்கு அவருக்கு வேலை போயிற்று. தலைவர் கத்திய கத்தில் மேல்வரிசை கழன்று மேசை மேல் விழுந்தது என்று பிறகு பேசிக்கொண்டார்கள். ஆனால் அச்சானது அச்சானதுதான். அண்ணி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று அவரே சொல்லியனுப்ப வேண்டியதாயிற்று.

கத்தரியார் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தார். வழி முழுக்க மனசுக்குள் ஒரு துள்ளல். அண்ணி படிப்பாள். கண் கலங்கும். "என்ன தம்பி, வேலையையே விட்டுட்டியா?" என்பாள். அதற்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

சமையலறையில் அண்ணி இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பத்திரிகையைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். மண்டபத்துக்கு வரலாம் என்று தலைவர் சொன்னதையும், தனக்கு வேலை போனதையும் சொன்னார். அவள் முழுக்கப் படித்தாள். கீழே இருந்த இரண்டு வரியையும் படித்தாள். பத்திரிகையை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா? கொண்டாந்து வச்சிட்டு நிக்கிறான். இவன் இத செஞ்சிட்டானாம். அதனால நான் இப்போ பேசணுமாம்."

கத்தரியாருக்குச் சுரீரென்றது. வேலையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவனுக்கு இதுவா பேச்சு? வெடுக்கென்று திரும்பித் தன் அறைக்குப் போனார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். இந்த மனுஷியும் வேண்டாம், அந்த ஆளும் வேண்டாம், எங்கேயாவது ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தார். ஒரு மணிக்கு நடையில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. சோறு, குழம்பு, கீரை. டம்ளரில் தண்ணீர், பாதி தரையில் சிந்தியிருந்தது. எதிலும் குறையில்லை. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் சொன்னது சரிதான். செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, காத்திருந்தாயிற்று, கிடைக்கவில்லை, அதனால் கிளம்புகிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து கிளம்பியதும் இப்படித்தான். அன்றும் அவருக்கு வேண்டியிருந்தது அண்ணன் மட்டும்தான். யாரிடம் கேட்டாரோ, கூடவே உட்கார்ந்திருந்த அந்த ஆளை அவர் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அண்ணிக்கு எதிரில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவள் நிமிரவில்லை. கத்தரியார் அடுப்புப் பக்கம் திரும்பினார். நீயா, நீங்களா என்று ஒரு நிமிஷம் தடுமாறினார். பழைய பழக்கம் என்னவென்று மறந்தே போயிருந்தது.

"அவங்ககிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றார். "எனக்கும் ஒண்ணும் வேண்டாம். சும்மாத்தான் வந்தேன். நீ... நீ எப்படி இருக்கே?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணியின் கை கரண்டியோடு நடுங்கிக்கொண்டிருந்தது. கத்தரியார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று.

"நல்லாப் பாரு இவன," என்றாள் அண்ணி கடவுளிடம். "கேட்டதோட விடாம, பதில் வேற வரும்னு உக்காந்திருக்கான்."

கத்தரியார் எழுந்து போகவில்லை.